கல்லாவும் சிலம்பும்

ஆயுத பூஜை அன்று கல்லாப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறீர்கள். கிரைண்டருக்கு மாலை, தோசைக்கல்லுக்குப் பொட்டு. மறுநாளே என்னிடம் வந்து, "சாமி, ஆளுங்க கை வைக்கிறாங்க, என்ன பண்றது?" என்று கேட்கிறீர்கள். இன்று ஓட்டல் முதலாளிகள் நிறையப் பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதையே பேசுவோம்.

கை வைக்கிற வழிகளையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். பார்சல் கவுண்டரில் காசை வாங்கிக்கொண்டு பில் போடாமல் விடுவது. ஒரே டோக்கனை இரண்டு முறை உள்ளே அனுப்புவது. சாப்பிட்டவர் போன பிறகு பில்லை கேன்சல் செய்வது. ஸ்டோர் ரூம் முந்திரியும் நெய்யும் டிபன் பாக்ஸில் ஏறி வீட்டுக்குப் போவது. காய்கறிக்காரரோடு பேசிவைத்துக்கொண்டு எடையை ஏற்றி எழுதுவது. கடைசியாகச் சேர்ந்தது, கடையின் கியூஆர் அட்டைக்குப் பதிலாகத் தன்னுடையதை நீட்டுவது.

இதற்கு வள்ளுவரிடம் போனால் கள்ளாமை அதிகாரத்தைத்தான் எல்லோரும் புரட்டுவார்கள். அது 29ஆம் அதிகாரம். துறவறவியலில் இருக்கிறது, கவனியுங்கள். முதலாளிக்கு அவர் வைத்திருக்கும் பாடம் பொருட்பாலில், 51, 52ஆம் அதிகாரங்களில் இருக்கிறது. ஆராயாமல் ஒருவனை நம்புவதும் தவறு, ஆராய்ந்து நம்பியவனைப் பிறகு சந்தேகிப்பதும் தவறு, இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறார். அதோடு விடவில்லை. வேலை செய்கிறவர்களை நாள்தோறும் கவனித்து வரச் சொல்லித்தான் 52ஆம் அதிகாரத்தை முடிக்கிறார். நம்பு, ஆனால் தினமும் பார். முரண் மாதிரித் தெரியும். சிலப்பதிகாரத்தைப் பார்த்தால் தெளிந்துவிடும்.

மதுரை அரண்மனையில் காணாமல் போனது கோப்பெருந்தேவியின் சிலம்பு. எடுத்தவன் வெளியாள் இல்லை, அரண்மனைக்கு வேலை செய்த பொற்கொல்லன். இன்றைய பேச்சில் சொன்னால் ஸ்டாப். அவன் மாட்டிக்கொள்ளப் போகிற சமயத்தில் கோவலன் ஒரு சிலம்பை விற்க வருகிறான். ஊருக்குப் புதியவன், கேட்க நாதியில்லாதவன். உடனே பொற்கொல்லன் அரசனிடம் ஓடிப்போய், "கள்வன் கிடைத்துவிட்டான்" என்கிறான். ராணியின் ஊடலைத் தீர்க்கப் போய்க்கொண்டிருந்த பாண்டியனுக்கு நின்று கேட்கப் பொழுதில்லை. சிலம்பு கையில் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

பிறகு கோவலனின் மனைவி கண்ணகி வருகிறாள். சிலம்பை உடைக்கிறாள். ராணியின் சிலம்பில் முத்துப் பரல், இவளுடையதில் மாணிக்கப் பரல். விஷயம் அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை. அந்தச் சரிபார்ப்பு கோவலன் செத்த பிறகு நடந்தது. உள்ளே என்ன பரல் என்பது பாண்டியனுக்குத் தெரியாமல் இல்லை, அவனே வாய்விட்டு முத்து என்கிறான். தெரிந்த கணக்கை நேரத்தில் பார்க்கவில்லை.

உங்கள் கடையிலும் இதுதான் நடக்கிறது. நெய் குறைகிறது. பன்னிரண்டு வருஷமாகக் கூட இருக்கும் சூப்பர்வைசர், போன மாதம் சேர்ந்த கிளீனர் பையனைக் கை காட்டுகிறார். அந்தப் பையன் பேசுகிற பாஷைகூட உங்களுக்குத் தெரியாது. சாப்பிட வந்தவர்கள் எதிரிலேயே அவன் பையைக் கொட்டச் சொல்கிறீர்கள். தினமும் ராத்திரி ஸ்டோரை எடை போட்டு எழுதியிருந்தால், யார் பொறுப்பில் இருந்த நாளில் குறைந்தது என்று நோட்டே சொல்லியிருக்கும். எண்ணுவதை அவமானம் என்று நினைக்கிறோம். எண்ணாத கடையில்தான் ஐயா, நல்லவனுக்குத் தன்னை நிரூபிக்க வழியே இல்லை. கேமரா வைத்திருக்கிறோம் என்பீர்கள். அதில் பதிந்ததை உட்கார்ந்து பார்க்கிறவர் அதே சூப்பர்வைசர்தானே!

முதலாளி எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். சப்ளையருக்கு என்று வைத்துவிட்டுப் போன டிப்ஸைக் கல்லாவில் போட்டுக்கொள்வது. தட்டு உடைந்தால் யார் உடைத்தது என்று கேட்காமல் எல்லார் சம்பளத்திலும் பிடிப்பது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே, நஷ்டத்துக்காகப் பணம் பிடிப்பதற்கு முன் தொழிலாளிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடு என்றது. பாண்டியன் செய்யத் தவறியதை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் எழுதி வைத்திருந்தது.

போன முறை ஒரு அன்பர் குறும்பாகக் கேட்டார்: "மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்தாரே, அது என்ன கணக்கு?" உங்கள் கேஷியர் அந்த நியாயத்தைச் சொன்னால், கோயில் எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

சரி, நன்றாக விசாரித்தாயிற்று, எடுத்தது அவன்தான் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? பெரிய தொகை என்றால் சட்டம் இருக்கிறது. வேலையாள் முதலாளியின் பொருளைத் திருடினால் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அது நீதிமன்றத்தின் வேலை. சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் அடிப்பதற்கு எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. சின்னத் தொகை என்றால் தனியே கூப்பிட்டு, நோட்டைக் காட்டி, வேலை பார்த்த நாளுக்குச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்புங்கள். நாளைக்கு இன்னொரு கடைக்காரர் போன் செய்து, ஆள் எப்படி என்று விசாரிப்பார். அப்போது பொய்யும் வேண்டாம், பழிவாங்கவும் வேண்டாம். "பரோட்டா பிரமாதமாகப் போடுவான், கல்லாவில் மட்டும் உட்கார வைக்காதீர்கள்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.