விபீஷண சரணாகதியும் திண்ணையில் எழுந்த ஒரு கேள்வியும்

சென்ற மாதம் எங்கள் ஊர் ஸந்நிதியில் ஸ்ரீராமாயண உபந்யாஸம் நடந்தது. விபீஷண சரணாகதிக் கட்டம் முடிந்த அன்று, கோஷ்டி கலைந்தபின், அடியேனைப் போலவே உத்யோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பாகவதர் ஒருவர் வாசல் திண்ணையில் அமர்ந்து கேட்டார்: "ஸ்வாமி, சரணம் என்று வந்தவனைக் கைவிடாதது பெருமாளின் பெருமை. அதையே ஒரு தேசம் செய்யலாமா? தன் ப்ரஜைகளே அரிசிக்கும் வேலைக்கும் அல்லாடும்போது அகதிகளை ஏற்பது தர்மமாகுமா?" அவருடைய குமாரர் ஜெர்மனியில் வசிக்கிறார். 2015-இல் ஸிரியா முதலான தேசங்களிலிருந்து லக்ஷக்கணக்கானோர் அங்கே வந்து சேர்ந்தது முதல், அவர்கள் குடும்பத்தில் இந்த விவாதம் ஓயவில்லையாம். அன்று அடியேனுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பின்னர் யோசித்ததை இங்கே விண்ணப்பிக்கிறேன்.

'அகதி' என்பது செய்தித்தாள்கள் நமக்குத் தந்த சொல் அன்று. கதி இல்லாதவன் அகதி. ஆளவந்தார் ஸ்தோத்ரரத்னத்தில் தம்மை எம்பெருமானிடம் அகதி என்றே விண்ணப்பித்துக் கொள்கிறார். சரணாகதிக்கு வேண்டிய அதிகாரமாக நம் பூர்வாசார்யர்கள் ஆகிஞ்சந்யம், அநந்யகதித்வம் என்று இரண்டைச் சொல்லி வைத்தார்கள். கையில் முதல் இல்லாமை ஒன்று. போக வேறிடம் இல்லாமை மற்றொன்று. மோக்ஷத்தைக் குறித்துச் செய்த பிரிவுதான். எனினும் நண்பர் கேட்ட லௌகிகக் கேள்விக்கும் இது வெளிச்சம் தருகிறது. நம் தெருவிலுள்ள ஏழைக்கு முதல் இல்லை. ஆனால் ரேஷன் அட்டை உண்டு, வோட்டு உண்டு, குறைந்தபக்ஷம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று சண்டையிடும் உரிமை உண்டு; அவரை இத்தேசத்தை விட்டுப் போ என்று சொல்ல எவராலும் முடியாது. அகதிக்கு இரண்டுமே இல்லை. இருவரும் கஷ்டப்படுகிறார்கள் என்பதால் இருவருடைய கஷ்டமும் ஒரே ஜாதி ஆகிவிடாது.

கடற்கரைக் கட்டத்துக்கு வருவோம். அங்கே பெருமாள் செல்வச் செழிப்போடு அமர்ந்து தானம் செய்யவில்லை. ராஜ்யம் இல்லை, பிராட்டியைப் பிரிந்திருக்கிறார், கடலைக் கடக்க வழி தெரியவில்லை, கூட இருப்பவர்கள் வானர முதலிகள். அந்நிலையில் நான்கு பேரோடு ஸ்ரீவிபீஷணாழ்வான் ஆகாசத்தில் வந்து நிற்கிறார். கூடாது என்று முதலில் தடுத்தவர் மஹாராஜர். வாலிக்கு அஞ்சி ஓடி ருச்யமூகத்தில் அவரும் நான்கு வானரர்களோடு ஒளிந்திருந்தவரே அல்லவா! இதை வைத்து மஹாராஜரைப் பரிஹஸிப்பது எளிது. நம் பெரியோர் அப்படிச் செய்யவில்லை. பெருமாளுக்கு ஏதேனும் தீங்கு நேருமோ என்ற பரிவினால் பேசினார் என்றே அதற்கு ரஸமாகப் பொருள் கொண்டார்கள். அகதிகளை ஏற்கத் தயங்கும் குடிமக்கள் எல்லாரையும் கல்நெஞ்சர் என்று தள்ளுவோர், இந்த இடத்தைச் சற்று நின்று ஸேவிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களிடம் கொண்ட பரிவும் பரிவுதான்.

பெருமாள் மஹாராஜருக்கு என்ன உத்தரம் ஸாதித்தார்? உமக்கு இரக்கம் இல்லை என்று அவரைக் கடியவில்லை. அவன் தீயவனேயானாலும் அத்தீங்கைத் தாமே பார்த்துக்கொள்ளும் வல்லமை தமக்கு உண்டு என்று ஆபத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். பின்பு புறாவின் கதையை எடுத்தார். மஹாபாரதம் சாந்திபர்வத்தில் இது விரிவாக வருகிறது. தன் பேடையைப் பிடித்த வேடனே குளிரிலும் பசியிலும் வாடித் தன் மரத்தடியில் வந்து விழ, அந்தப் புறா அவனுக்குத் தீ மூட்டி, அத்தீயில் தானே விழுந்து இரையாயிற்று. இக்கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நண்பர் கேள்வி கேட்ட பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. புறா இட்டது தன் மாம்ஸத்தை. பக்கத்துக் கூட்டிலிருந்த குஞ்சின் மாம்ஸத்தை அன்று.

நண்பருடைய கேள்வியின் பலம் இங்கேதான் இருக்கிறது. அரசாங்கத்துக்கென்று தனி மாம்ஸம் இல்லை. அது கொடுப்பது பிறருடையது. ஆகவே ஏற்கலாமா கூடாதா என்பதோடு நில்லாமல், ஏற்றால் எவன் மாம்ஸம் அறுபடுகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

1971-ஆம் ஆண்டு அடியேனுக்குப் பத்து வயது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் நம் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். அன்றைய பாரதம் செல்வந்த தேசம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன்புதான் பஞ்சத்தின்போது அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமையை எதிர்பார்த்து நின்றோம். அவ்வாண்டு நவம்பர் 15 முதல், கடிதங்களில் வழக்கமான தபால்தலையோடு ஐந்து பைசா அகதிகள் நிவாரணத் தலை ஒன்றையும் சேர்த்து ஒட்ட வேண்டும் என்று விதித்தார்கள். புதிய தலை அச்சாகி வருவதற்குள், கையிருப்பிலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின்மேலேயே அகதிகள் நிவாரணம் என்று அச்சிட்டுத் தந்தார்கள். பிறக்கும் வாய்களைக் குறைக்கச் சொன்ன தலையின்மீதே வந்த வாய்களுக்கு உணவு கேட்டது அச்சு! எங்கள் தகப்பனார் தமக்கையாருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் அந்தச் சிறு தலையை ஒட்டுவது அடியேன் கைங்கர்யம். அவர் அலுத்துக்கொள்வார், ஒட்டாமல் அனுப்பியதில்லை. 1973 மார்ச் வரை இது நடந்தது. ஒரு கோடிப் பேருக்கான செலவு இந்த ஐந்து பைசாக்களால் ஈடாகிவிடவில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும், கன்யாகுமரியில் கடிதம் எழுதியவனும் அதில் ஒரு பங்கு கொடுத்தான்.

அதே வருஷம் திரிபுராவின் கணக்கு வேறு. அங்கே ஜனத்தொகை சுமார் பதினைந்தரை லக்ஷம். வந்த அகதிகள் ஏறத்தாழ பதினான்கு லக்ஷம். உள்ளூர்வாசி ஒருவருக்கு ஓர் அகதி என்றே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. கன்யாகுமரிக்காரன் இட்டது ஐந்து பைசா. திரிபுராக் கூலிக்காரன் இட்டது தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை. ஏற்போம் என்று தலைநகரில் தீர்மானிப்பவர்களும், ஏற்கத்தான் வேண்டும் என்று எழுதும் அடியேன் போன்ற ஓய்வூதியக்காரர்களும் பெரும்பாலும் ஐந்து பைசாக் கூட்டம்தான். எல்லையோரக் கூலியாள் முணுமுணுத்தால் அவனுக்கு தர்மோபதேசம் செய்ய நமக்கு யோக்யதை இல்லை. அவனுடைய பாரத்தைப் பகிர்ந்துகொண்ட பிறகு பேசலாம்.

வந்தவர்களால் செலவு மட்டுமே மிச்சம் என்றும் சொல்வதற்கில்லை. அந்த 1971-இல் வங்காளத்து எல்லையில் பான்காவ் என்னும் ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுகோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று நம் பேரக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையில் வாங்கும் பொட்டலம், பெரிய அளவில் தன் பலத்தை நிரூபித்தது அந்த அகதிகளிடம்தான். ஆயினும், லாபம் வரும் என்பதற்காக ஒருவனை ஏற்பது சரணாகதி ரக்ஷணம் ஆகாது. ஆகையால் இதைப் பெரிதாகச் சொல்ல அடியேன் விரும்பவில்லை.

அடியேன் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கிளையில் மேலாளராக இருந்தேன். அருகில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று. 1983-க்குப் பிறகு வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி ஒருவர் தம் பெண்ணுடன் கல்விக்கடன் கேட்டு வந்தார். பி.காம். சேர இடம் கிடைத்திருந்தது. பெண் பிறந்தது தமிழ்நாட்டில்தான். ஆனால் 1987 ஜூலை முதல் தேதிக்குப் பின் இங்கே பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. கல்விக்கடனோ இந்தியக் குடிகளுக்கு மட்டும். விதிப்படி மறுத்தேன், அது பிழையன்று. அதோடு நிறுத்தாமல், "நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுக்க முடியவில்லை அம்மா" என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அந்தப் பெண், "பரவாயில்லை சார்" என்று சொல்லிப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அதே வாரத்தில் உள்ளூர் விவசாயக் கூலி ஒருவர் தம் மகளுக்காக வந்தார். "முகாம்காரங்களுக்கு மாசாமாசம் பணம் வருது சார், எங்களுக்கு எது வருது?" என்று கேட்டார். ந்யாயமான கேள்வி. அவருக்கும் மறுத்தேன். பழைய பயிர்க்கடன் பாக்கி இருந்தது. யோசித்துப் பார்த்தால், முகாம்பெண்ணுக்கு நான் சொன்ன காரணம் பொய். அவளுக்கு மறுத்த தொகை இவர் மகளுக்குப் போய்ச் சேரவில்லை. வணிகவியல் படித்த ஒருவன், ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொன்றில் வரவு எழுத வேண்டும் என்பதை மறக்கலாமா? வரவு எங்கும் இல்லாத பற்று அது. உள்ளூர் ஏழையின் பெயரைச் சொல்லி அகதிக்கு மறுத்துவிட்டு, உள்ளூர் ஏழைக்கும் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அகதிகள் வேண்டாம் என்னும் பேச்சு எழும்போதெல்லாம், மிச்சமாகும் பணம் எந்த ஏழையின் வீட்டுக்குப் போயிற்று என்று பார்க்க வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

ஆகையால் அடியேன் நண்பருக்குச் சொன்னது இவ்வளவே. உயிருக்கு அஞ்சி வந்தவனை எல்லையிலேயே திருப்பி அனுப்பாதிருப்பது ஒன்று. அவனுக்கு வீடும் வேலையும் உதவித்தொகையும் தருவது வேறொன்று. முன்னதை நம் ஏழையின் வறுமையோடு தராசில் வைக்க முடியாது. அவனைக் கொலைகாரன் கையில் ஒப்படைப்பதால் நம் ஏழைக்கு ஒரு பிடி அரிசியும் கூடாது. பின்னதைத் தராசில் வைத்தே ஆக வேண்டும். வைக்கும்போது பாரத்தைத் திரிபுராவின் தலையில் மட்டும் ஏற்றாமல் தேசம் முழுவதும் சுமக்க வேண்டும்.

உடையவரே சோழனுடைய உபத்ரவத்துக்காக வெள்ளை சாற்றிக்கொண்டு திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்டவர். நீலகிரிச் சாரலில் வழி தெரியாமல் வந்த அவருடைய முதலிகளுக்குத் தேனும் தினையும் தந்தவர்கள் அக்காட்டு வேடர்கள் என்று குருபரம்பரை சொல்லும். அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான். பின்பு ஹொய்ஸளன் தேசம் அவருக்கு இடம் கொடுத்தது. திருநாராயணபுரம் நமக்குக் கிடைத்தது.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "சரி ஸ்வாமி, எத்தனை பேர் வரை?" என்றார். அதற்கு அடியேனிடம் எண் இல்லை. திரிபுராவில் ஒருவருக்கு ஒருவர் என்றானபோதும் எல்லையை மூடவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 1972-இல் திரும்பிப் போய்விட்டார்களே, ஸிரியாக்காரர்கள் போவார்களா என்றார் அவர். முகாமில் நாற்பது ஆண்டுகளாக இருப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அடுத்த உபந்யாஸத்தன்று இதைப் பேசுவோம் என்று இருவரும் எழுந்தோம்.