விதியென்று தள்ளிவிடலாமா?

பூமி சூடேறுகிறது, அதற்கு மனிதனே காரணம் என்று விஞ்ஞானிகள் கூறுவதைப் பற்றி நம்மவரிடையே இருவகைப் பேச்சுகள் உலவுகின்றன. "அதெல்லாம் அவர்களுடைய யூகம்" என்பது ஒன்று. "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய?" என்பது மற்றொன்று.

முதற்பேச்சைப் பார்ப்போம். விஞ்ஞானிகளின் ஒருமித்த முடிவை இஜ்மாவுக்கு ஒப்பிடுவாருண்டு. அது பொருந்தாது, இஜ்மா மார்க்கச் சட்டத்துக்குரியது. ஹதீஸ் கலையில் 'முதவாதிர்' என்கிறோமே, அதுவே நெருங்கிய உவமை. பலர் தனித்தனி வழிகளில் ஒரே செய்தியைக் கொண்டுவருகின்றனர். இத்தனை பேர் கூடிப் பொய் புனைந்திருக்க முடியாதென்று அறிவு தீர்ப்பளிக்கிறது. இங்கும் அப்படித்தான். ஹவாயித் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றை அளந்து வருகிறார்கள். பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காயிருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கூடிய கரி நிலக்கரியிலும் எண்ணெயிலுமிருந்து வந்ததென்பதை, அதன் அணுக்களைச் சோதித்து வேறு சிலர் கண்டனர். சூரியன்தான் காரணமென்றால் மேல்வான அடுக்கும் சூடேற வேண்டுமே! அதுவோ குளிர்ந்திருக்கிறது என்கின்றனர் பலூனும் செயற்கைக்கோளும் கொண்டு அளப்போர். 2021இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு, ஐயத்துக்கே இடமில்லை என்று எழுதிவிட்டது. பிறை விஷயத்தில் நமக்குள் இவ்வளவு ஒற்றுமை என்றைக்கு வந்தது?

அதற்காகக் கண்ட துன்பத்தையெல்லாம் இதன் தலையில் கட்டவும் கூடாது. காரைக்கால் வட்டாரத்துக் கோட்டுச்சேரிமேட்டை எடுத்துக்கொள்வோம். அந்தக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26 அன்று புகுந்த சுனாமி, கடலடிப் பூகம்பத்தால் வந்தது. அதில் மனிதன் கை இல்லை. கடல் மட்டம் மெல்ல உயர்வது வேறு சங்கதி. வட இந்துமாக்கடல் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்ததாக இந்திய அரசின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அற்பமாகத் தோன்றும். கால் நூற்றாண்டில் எட்டு சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. புயல் நாளில் அலை அந்த உயரத்தின் மேல் நின்றே கரையேறும்.

இனி இரண்டாவது பேச்சு. களா கத்ரை நம்புவது ஈமானைச் சேர்ந்தது, மறுப்பில்லை. ஆயினும், மடையை உடைத்துப் பக்கத்து வயலை மூழ்கடித்தவன் "விதி" என்றால் எந்தக் காஜி விடுவார்? அறியாமல் உடைத்தவனுக்குப் பாவமில்லை, நஷ்டஈடு மட்டும் உண்டு. அறிந்து செய்தவனுக்கு இரண்டும் உண்டு. இத்தனை சாட்சிகள் வந்து சொன்னபின் "அறியோம்" என்று சொல்ல நமக்கு வழியேது? புகையில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது என்பது மெய்தான். கோட்டுச்சேரிமேட்டு மீனவருடைய பங்கு மிகச் சொற்பம். ஆகவே இவ்வழக்கில் அவர் வாதி. பிரதிவாதிகளின் வரிசையில், காரும் குளிர்சாதனமும் வைத்திருக்கும் நம்மூர் வசதியான வீடுகளும் கடைசியிலாவது நிற்க வேண்டியிருக்கும்.