ஒருபக்கக் கிளைகள்

அக்டோபர் தொடக்கம். வாஷிங்டனிலிருந்து இருட்டோடு கிளம்பி, மேற்கு வர்ஜீனியாவின் டாலி சாட்ஸ் மேட்டில் ஏறியபோது வெயில் வந்துவிட்டது, சூடுதான் வரவில்லை. கார்க் கதவைத் திறக்கவே காற்று விடவில்லை.

நாலாயிரம் அடி உயரத்தில் வெட்டவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரப் புளூபெர்ரிப் புதர்கள், குங்குமம் கொட்டினாற்போல. நடுவே ஒற்றை ஒற்றையாய் ஸ்ப்ரூஸ் மரங்கள். எல்லாவற்றுக்கும் கிழக்குப் பக்கம் மட்டுமே கிளை. மேற்குக் காற்றும் அது வாரியிறைக்கும் பனித்துகளும் மறுபக்கத் துளிர்களைக் கருக்கிவிடுகின்றன. ஒரு மரத்தின் மேற்குப் பக்கம் கை வைத்தேன். சொரசொரத்த பட்டை, காய்ந்த கணுக்கள். கையை அப்படியே சுற்றிக் கொண்டுபோனால் மறுபுறம் பச்சை ஊசியிலை, பிசின் மணம்.

மனிதக் கை படாத இடம் என்று நினைத்துத்தான் போனேன். அப்படியல்ல. இந்த மலைகளில் அடர்ந்த ஸ்ப்ரூஸ் காடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில்பாதை வந்தது, மரங்கள் போயின. வெட்டிப்போட்ட கழிவு காய்ந்து தீப்பிடித்தது. காலங்காலமாகச் சேர்ந்திருந்த மட்கு மண்ணே எரிந்து பாறை தெரிந்தது. மரத்துக்கு மண் போதாத இடங்களில் புதர் பரவியது. நான் மெய்மறந்து பார்த்த சிவப்பு, தீப்புண்ணின் மேல் வளர்ந்த புதுத்தோல்! பிறகு இரண்டாம் உலகப் போரில் ராணுவம் இங்கே பீரங்கிப் பயிற்சி நடத்தியது. வெடிக்காத குண்டுகள் இருக்கலாம், தொடாதீர்கள் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களைச் சட்டத்தால் காக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, ஒருமுறை வெட்டுப்பட்ட நிலம் வனம் என்ற தகுதியை இழந்துவிட்டது என வாதிட்டவர்கள் அன்று இருந்தார்கள். ஆனாலும் 1975இல் வந்த சட்டம் இந்த மேட்டில் பத்தாயிரம் ஏக்கரைக் காக்கப்பட்ட வனமாக்கியது. 2009இல் இன்னும் ஏழாயிரம் ஏக்கர் சேர்ந்தது. அதை நினைக்க நினைக்க எனக்கு மனசு நிறைகிறது. களங்கமில்லாததைக் காப்பதில் என்ன பெருமை? கெட்டுப்போனதென்று நாம் கைகழுவிய ஏரிகளும் ஆறுகளும் மனிதர்களும் எத்தனை! சீரழிந்ததைச் சும்மா இருக்க விடுவதும், ஆறட்டும் என்று காத்திருப்பதும்கூட அன்புதான். ஆறுவது என்றால் பழையபடி ஆவதும் அல்ல. நான் தொட்ட அந்த மரம் இழந்த மேற்கைத் தேடவில்லை, இருக்கிற கிழக்கில் தழைக்கிறது.

திரும்பும்போது, அதன் கிளைகளுக்கடியில் காற்றுக்கு மறைவாகப் பாசியில் ஒரு கன்று பார்த்தேன். விரல் நீளம்தான் இருக்கும். அதற்கு நாலு பக்கமும் கிளை இருந்தது.