திரும்பி வந்தவனின் கடமை

தியானப் பகுதி: 1 சாமுவேல் 31:11-13, 2 சாமுவேல் 9



நம் சபையில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். மே மாதம் வந்தால், மரக்காணம் உப்பளங்களில் வேலை மும்முரமாய் நடக்கும் அந்த நாட்களில், அவர் பேச்சு குறைந்துபோகும். ஒருநாள் காரணம் கேட்டேன். "பாஸ்டர் ஐயா, இந்த உப்புக் குவியலைப் பார்த்தா பனிமலை நெனப்பு வருது. கூட நின்னவன் போயிட்டான். நான் மட்டும் வந்துட்டேன்" என்றார்.

பிறகு மேஜர் மாரியப்பன் சரவணனைப் பற்றிச் சொன்னார். ராமேஸ்வரத்தில் பிறந்து திருச்சியில் படித்தவர் அவர். பீகார் ரெஜிமெண்ட் முதலாம் பட்டாலியன். 1999 மே 29 அன்று, கார்கில் போரில், பட்டாலிக் பகுதியில் 14,000 அடிக்கும் மேலே எதிரியின் அரணைத் தாக்கினார். காயம்பட்டும் பின்வாங்காமல் போரிட்டு விழுந்தார். வயது 26. அன்றே நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் விழுந்தார். இருவருக்கும் வீர் சக்ரா வழங்கப்பட்டது. சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனியில் கிடந்தது. ஆனாலும் தோழர்கள் அவரைக் கைவிடவில்லை. கொண்டுவந்தே சேர்த்தார்கள்!

வேதத்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. சவுலின் உடலைப் பெலிஸ்தர் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். யாபேஸ் பட்டணத்தார் கேள்விப்பட்டு, ராமுழுதும் நடந்துபோய், சவுலையும் அவன் குமாரரையும் எடுத்துவந்து அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசித்தார்கள். ஏன்? ஒருகாலத்தில் அம்மோனியன் நாகாஸின் கையிலிருந்து சவுல் அவர்களை விடுவித்தான். அந்த நன்றியை அவர்கள் மறக்கவில்லை.

நான் ஐயாவிடம் கேட்டேன்: "உங்க தோழர் வீட்டுக்குப் போனீங்களா?" அவர் தலைகுனிந்தார். "எந்த முகத்தோட போறது? நீ மட்டும் எப்படி வந்தேன்னு அந்த அம்மா கேட்டா?"

பிரியமானவர்களே, தாவீதும் பிழைத்திருந்தவன்தான். யோனத்தானுக்காகப் புலம்பினான், ஆனால் புலம்பலோடு நிறுத்தவில்லை. யோனத்தான் நிமித்தம் தயவுசெய்ய, சவுலின் வீட்டாரில் யார் மீதியாயிருக்கிறார் என்று விசாரித்தான். இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத்தை அழைத்து, தன் பந்தியில் உட்காரவைத்தான். இதுவல்லவோ நினைவுகூருதல்!

இதைச் சொல்லி இருவரும் முழங்கால்படியிட்டோம். அடுத்த வாரம் ஐயா பஸ் ஏறினார். அந்தத் தாயார் கேட்டது ஒன்றுதான்: "அன்னைக்கு எம்புள்ள சாப்பிட்டானாப்பா?" சாப்பிட்டதை, சிரித்ததை, பாடினதை எல்லாம் ஐயா சொல்லச் சொல்ல, அந்த அம்மா அவர் கையை விடவேயில்லையாம். இத்தனை வருஷமாய் அவர் பயந்த கேள்வியை அவர்கள் கேட்கவே இல்லை!

சகோதரனே, சகோதரியே, உன்னோடு உப்பு வாரினவர், உன்னோடு ஜெபித்தவர் இன்று இல்லை. அடக்க ஆராதனையில் அழுதாய், சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதித்தாயா? மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்றபோது, அங்கே அடுப்பு எரிந்ததா என்று கேட்டாயா?

கர்த்தர் உன்னைத் திரும்பிவரச் செய்தது குற்ற உணர்வில் ஒளிந்திருக்க அல்ல. எழுந்து போ. மரணத்துக்குள் இறங்கி நம்மைத் தேடி வந்த இயேசு உன்கூட வருவார். ஆமென், அல்லேலூயா!