எம்டன் வருஷத்துப் பாட்டி

வயது என்னவென்று கேட்டால் எண்ணால் விடை சொல்லத் தெரியாமல், "எம்டன் குண்டு போட்டப்ப நான் கைக்குழந்தை" என்று எங்கள் தெருக்கோடிப் பாட்டி சொல்லும்போதெல்லாம், 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பலொன்று சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன சரித்திரம் முழுதும் அவளுடைய ஜாதகத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். இரண்டாம் மகா யுத்தம் அவளுக்கு ஹிட்லருமில்லை, சர்ச்சிலுமில்லை. பர்மா அரிசி வரவு நின்றுபோய், ரேஷன் கடை வரிசையில் இடுப்பில் குழந்தையோடு கால் கடுக்க நின்றதும், மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க அந்தி சாய்வதற்குள் உலையை இறக்கியதுந்தான். அதுவும் யுத்தந்தானே!

முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்ன பெண்கள், பெரும்பாலும் வட ராஜ்யங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பேர் வாக்குரிமை இழந்தார்கள். புருஷன் பெயரை ஆயுளில் உச்சரித்தறியாத நம் பாட்டியோ, தன் பெயரைக் கணீரென்று சொல்லிப் பதிந்துகொண்டாள்; வாக்களித்த பின் இடக்கை ஆட்காட்டி விரலின் மையைப் பாத்திரம் துலக்கும் புளியும் சாம்பலும் தொடாதபடி ஒரு வாரம் காப்பாற்றினாள்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் அப்படியொருத்தி இருப்பாள். இன்று மாலையே அருகில் உட்கார்ந்து கேளுங்கள். எழுதிக்கொள்ளக் காகிதமும் எடுத்துப் போங்கள்.