மீனைப் பிடித்து விடுதல் அருளாகுமா?

கொல்லாமை சைவசமயிகளுக்கு இன்றியமையாத அறம் என்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆயின், கொல்லாது வருத்துதல் எத்தன்மைத்து? வருத்தியபின் உயிரோடு விட்டுவிடுதலை அருள் என்று கூறலாமா? இதனை ஆராய்தற்கு மேனாட்டார் யாறுகளில் நிகழ்த்தும் ஒரு மீன்பிடி விளையாட்டு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்காவின் மேற்குக்கரையிலுள்ள ஒறிகன் மாநிலத்தில் வட அம்குவா என்னும் யாறு உளது. அதன்கண் ஸ்டீல்ஹெட் என்னும் மீன் வருகின்றது. வானவில் றவுட் எனப்படும் மீன்சாதியுள் கடலுக்குச் சென்று மீளும் வகையே இது. யாற்றிற் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடும்பொருட்டுத் தான் பிறந்த நீரையே நாடி வரும். கோடையில் யாறு புகுவன அடுத்த ஆண்டின் முற்பகுதிவரை பெரும்பாலும் இரையின்றி, உடலிற் சேர்த்த கொழுப்பினாலேயே உயிர் தாங்கியிருக்கும். ஆதலால் அது தூண்டிலைக் கவ்வுவது பசியினாலன்று.

தூண்டிற்காரர் விடியற்காலையில் இடையளவு நீரில் இறங்கி, இறகும் மயிரும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த முள்ளை நீண்ட கோலினால் எறிவர். நீரோட்டம் அதனை வளைத்து இழுத்துச் செல்லும். ஓரடி கீழ்நோக்கி நடந்து மீட்டும் எறிவர். ஆயிரம் எறிவுக்கு ஒரு மீன் என்பது அவருள் வழங்கும் பேச்சு. அந்திப்பொழுதில் வெறுங்கையோடு மீளும் நாள்கள் பல. மீன் அகப்படின், அது துள்ளியும் ஓடியும் களைக்குமளவும் போராட, பின்னர் முள்ளைக் கழற்றி நீரிலே விடுவர். அவ்யாற்றின் ஒரு பகுதியில் 1952-ஆம் ஆண்டு முதல் இவ்விறகுத் தூண்டிலையன்றிப் பிறவற்றை வழங்கலாகாது.

வளர்ப்பு மீனல்லாத இயற்கை மீனை விடுதல் வேண்டும் என்பது அங்கே பல யாறுகளிலும் விதி. சுவிற்சர்லாந்து தேசமோ, விட்டுவிடும் கருத்தோடு தூண்டிலிடுதலையே 2008-ஆம் ஆண்டின் விலங்குக் காப்பு விதிகளால் விலக்கிற்று. உணவின்பொருட்டன்றி விளையாட்டின்பொருட்டு உயிரை வருத்தலாகாது என்பது அவர் துணிபு. ஒரு தேசத்தார் விடுக என்கின்றனர். மற்றொரு தேசத்தார் விடுதற்காகப் பிடியாதே என்கின்றனர். இவற்றுள் அறத்தோடு பொருந்துவது யாது?

மீனுக்கு நோவுணர்ச்சி இல்லையே எனின், அது பொருந்தாது. 2003-ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் முதலிய ஆராய்ச்சியாளர் இவ்வானவில் றவுட் மீனின் தலையிலும் வாய்ப்புறத்திலும் ஊறு உணர்த்தும் நரம்புமுனைகள் உளவென்று காட்டினர். உதட்டிலே அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லிலே தேய்த்தன. இரை கொள்ளவும் தாழ்த்தன. அது மனிதர் நோவை ஒத்ததன்றென வாதிப்பாரும் உளர். ஒவ்வாவிடினும், விளையாட்டின்பொருட்டு ஐயத்துக்கிடமானதோர் உயிரை வருத்துதல் எங்ஙனம் தகும்?

தூண்டிற்காரரே யாற்றைக் காக்கின்றனர் எனின், அது பெரிதும் உண்மையே. அவருட் பலர் காட்டழிவினின்றும் நீரைக் காத்தற்கு முன்னின்றனர். மீன்தொகை மிகக் குறைந்த 2021-ஆம் ஆண்டில் அரசினர் அவ்யாற்றில் மீன்பிடித்தலைச் சிலமாதம் நிறுத்தினர். இவை போற்றற்குரியன. ஆயினும் காத்தல் ஒரு செயல். களிப்பின்பொருட்டு வருத்தல் வேறொரு செயல். முன்னையதன் புண்ணியம் பின்னையதைப் புண்ணியமாக்காது.

மீன் தன் வினையைத் தானே அனுபவிக்கின்றது எனின், அதுவும் விடையாகாது. அதன் பிராரத்தம் அதற்கு. அதனை வருத்த விரும்பியவனுக்கு அவ்விருப்பமே ஆகாமியமாய் ஏறும்.

இனி, நம் அடியார் ஒருவரும் மீனை விட்டனரன்றோ எனச் சிலர் வினாவலாம். நாகப்பட்டினத்து நுளைப்பாடியிலே பரதவர் குலத்தில் அவதரித்த அதிபத்தநாயனார், நாடோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவார். ஒரு மீனே அகப்பட்ட நாள்களிலும், சுற்றத்தார் பசியால் வாட, அதனையே விட்டார். ஈற்றிற் பொன்மீன் அகப்பட்டபோதும் விட்டார். விடுதல் என்னும் செயல் ஈரிடத்தும் ஒன்றே. ஆனால் நாயனார் மீனோடு தம் பற்றையும் விட்டார். தூண்டிற்காரரோ தாம் வேண்டிய இன்பத்தை முழுதும் கொண்டபின், தமக்கு வேண்டாததாகிய மீனை விடுகின்றார். வேண்டாததை விடுதல் துறவன்று. தான் செய்த துன்பத்தைத் தானே நிறுத்துதல் அருளுமன்று.

அவருள்ளும் ஒருவர் இதனை உணர்ந்தார். வட அம்குவாவின் கிளையாகிய ஸ்ரீம்போட் ஓடையில், மீன்கள் கோடையிலே தங்கும் மடுவொன்றைக் களவாய்ப் பிடிப்போரினின்றும் பல ஆண்டுகள் காவல்செய்திருந்த அவர், தம் தூண்டில்முள்ளின் கூரை வெட்டியெறிந்துவிட்டே எறிவாராயினர். மீன் எழுந்து கவ்வும். அவர் கண்டு மகிழ்வர். அது ஊறின்றி விலகிப்போம். விடியற்காலையும், நீரொலியும், மீன் எழும் அக்கணமும் அவருக்குக் குறைந்தில. கூர்முனை ஒன்றே குறைந்தது. நதிக்கரையிற் கிட்டும் மனவமைதிக்குப் பிறவுயிரின் நோவு வேண்டுவதன்று என்பது இதனால் விளங்கும். 1653-இல் தூண்டிற்கலையைச் சிந்தனையாளர்க்குரிய பொழுதுபோக்கு என நூல் செய்த ஐசாக் வால்ற்றனும் இதனை எண்ணினாரல்லர்.

சைவ அன்பர்களே, புலால் உண்ணாமையோடு நம் கடன் முடிந்ததென்று நாம் பிறரை இகழ்தல் தகாது. இடபத்தை இறைவன் ஊர்தியென்று வணங்கும் நம்மவரே, சவாரித் திடலில் எருதுகளைக் கோலால் அடித்து ஓட்டி ஆரவாரிக்கின்றனர். அவ்வெருதுகளும் கொல்லப்படுவதில்லை, ஓட்டம் முடிந்தபின் அவற்றைத் தடவிக்கொடுத்து நீரும் வைக்கோலும் இடுகின்றோம். அதனால் அடித்தது இல்லையாமா? நம் களிப்புக்கள் ஒவ்வொன்றிலும் பிறவுயிரைக் குத்தும் கூர் எங்கேயுளது என்று நாடி, அதனை வெட்டிவிடுவோமாக. அருள் ஆண்டே தொடங்கும்.

சிவம்.