படிக்கு ஒரு ரூபாய்

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்துவிட்டால், ஞாயிறு விடியற்காலையில் திருப்பூர் வீரபாண்டி பிரிவில் வேன்கள் வந்து நிற்கும். பனியன் கம்பெனி ஆட்கள் ஒன்றுகூடி மலைக்குக் கிளம்புவார்கள். ஒரு வாரம் சென்னிமலை, இன்னொரு வாரம் சிவன்மலை, லீவு சேர்ந்து வந்தால் பழனி, திருமூர்த்தி மலை. கட்டிங் மாஸ்டரும் டெய்லரும் செக்கிங் பெண்களும் அயர்ன் மாஸ்டரும் ஒரே வேனில் நெருக்கிக்கொண்டு போவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல.

இந்தப் பயணத்தோடு இன்னொரு காரியத்தையும் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? அதைச் செய்து காட்டியவர்கள் பக்கத்து நாட்டில் இருக்கிறார்கள். அவர்களும் ஆடைத் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான்.

இலங்கையின் பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனங்களில் ஒன்று எம்.ஏ.எஸ். அதில் சக ஊழியர்களாக இருந்த இருவர் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே. ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். 2011 ஜூலை 1ஆம் தேதி, நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். 27 நாளில் சுமார் 670 கிலோமீட்டர் நடந்து வடகோடியான பருத்தித்துறையை அடைந்தார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர், அதுவும் இலங்கை வெயிலில். அந்த நடைக்கு ‘டிரெயில்’ என்று பெயர்.

எதற்காக நடந்தார்கள்? யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக. போர் முடிந்து அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. வடக்கில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், முறையான சிகிச்சைக்குக் கொழும்பை ஒட்டிய மகரகம வரை போக வேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கீமோ போட்ட உடம்போடு திரும்பவும் அதே தூரம். உடன் போகிறவருக்குக் கூலி நஷ்டம், தங்க இடமில்லாத அலைச்சல். பல குடும்பங்களில் சிகிச்சை பாதியில் நின்றுபோவதற்கு இந்தத் தூரமே போதும்.

20 லட்சம் டாலர் திரட்டுவது அவர்களுடைய இலக்கு. வழிநெடுக ஊர்மக்கள் சேர்ந்து நடந்தார்கள். பல ஆண்டுகளாகப் போரின் கெடுபிடியில் கிடந்த வடக்குப் பகுதிக்குள் தெற்கிலிருந்து வந்தவர்கள் கால்நடையாக நுழைந்தார்கள். 2013இல் தெல்லிப்பழை மருத்துவமனை திறக்கப்பட்டது. 2016இல் அதே பாதையை வடக்கிலிருந்து தெற்காக 28 நாளில் நடந்தார்கள். இம்முறை காலியிலுள்ள கராப்பிட்டிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக 50 லட்சம் டாலர் இலக்கு. தெற்கிலிருந்து நடந்தபோது வடக்குக்கு மருத்துவமனை, வடக்கிலிருந்து நடந்தபோது தெற்குக்கு.

மலையேறிப் பணம் திரட்டியவர்களும் உண்டு. 2009 மார்ச்சில் பிரிட்டனின் பாடகர்கள், வானொலி, தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் என ஒன்பது பேர் ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலையான கிளிமஞ்சாரோவில் ஏறினார்கள். உயரம் 5,895 மீட்டர். மலேரியா ஒழிப்புப் பணிக்காக 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. எவரெஸ்டில் டென்சிங்குடன் 1953இல் ஏறிய எட்மண்ட் ஹிலாரியோ, நேபாளத்தின் ஷெர்பா மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். 1961இல் கும்ஜுங் கிராமத்தில் பள்ளி எழுந்தது. 1966இல் குண்டே மருத்துவமனை வந்தது.

மலை ஏறினால் பணம் எப்படி வரும் என்று நியாயமாகவே ஒரு கேள்வி எழும். மலை பணம் தராது. ஆனால் ‘நன்கொடை கொடுங்கள்’ என்று வெறுங்கையோடு போய் நிற்பதற்கும், ‘நாங்கள் முப்பது பேர் 1,320 படி ஏறுகிறோம், படிக்கு ஒரு ரூபாய் தருகிறீர்களா?’ என்று கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சென்னிமலையின் படிக்கட்டு அத்தனைதான். முப்பது பேரும் உச்சி தொட்டால் 39,600 ரூபாய். கேட்பவர் தன் உடம்பை முதலில் முன்வைக்கிறார். கொடுப்பவருக்கும் கணக்கு கண்ணெதிரே தெரிகிறது.

அந்த உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவர் டேபிளில் நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் டெய்லருக்கு இடுப்பும் கழுத்தும் பிடித்திருக்கும். பிசிறு வெட்டும் பெண்ணுக்கும் செக்கிங் பெண்ணுக்கும் நின்று நின்று முழங்கால் வலி. பஞ்சுத் தூசியில் வேலை செய்பவருக்கு இருநூறாவது படியிலேயே மூச்சு வாங்கும். அங்கே சூப்பர்வைசர் தண்ணீர் பாட்டிலை நீட்ட, ஹெல்பர் பையன் முதலாளியின் கையைப் பிடித்து ஏற்றிவிடுவான். உடம்பு இப்படி இருப்பதால் முன்கூட்டியே ஒரு மாதம் நடந்து பழக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முடியாதவர்கள் அடிவாரத்தில் மோர்ப் பந்தலையும் வசூல் நோட்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

திருப்பூருக்கு இதில் தனி வசதி ஒன்று உண்டு. ஒரு டி-சர்ட் நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எத்தனை கைமாறுகிறது! நூல்காரரும் அட்டைப்பெட்டிக்காரரும் லேபிள்காரரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு கம்பெனி கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி ஜாப் ஒர்க் சங்கிலி முழுக்கப் போய்ச் சேரும். பழனிக்குப் பாதயாத்திரை போகும் முன்பின் தெரியாதவர்களுக்கு வழிநெடுக அன்னதானம் போட்டுப் பழகிய மண் இது. திருப்பூர் அரசு மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை மையம் அமைக்க, ‘நமக்கு நாமே’ திட்டத்தின் கீழ் ரோட்டரி அமைப்பினரும் தொழில்துறையினரும் பொதுமக்களும் பணம் சேர்த்ததையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். வேன் வாடகையும் காலை டிபனும் ஏறுகிறவர்களின் சொந்தச் செலவு. வசூலான பணத்தில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது. யார் எவ்வளவு தந்தார்கள், மொத்தம் எவ்வளவு, யாரிடம் கொடுக்கப்பட்டது என்ற விவரமும் ரசீதின் நகலும் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். பத்து ரூபாய் தந்த ஹெல்பரும் ஆயிரம் தந்த கான்ட்ராக்டரும் அதே தாளில் தங்கள் பெயரைப் பார்ப்பார்கள். அடுத்த ஆண்டு கேட்கும்போது கை தானாக நீளும்.

இன்று டீ இடைவேளையில் நாலு பேர் கூடினால், மலையின் பெயரைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் ஒருவர் பக்கத்து அரசுப் பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ நேரில் போய், என்ன தேவை, அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வரட்டும். அந்தத் தொகை தெரிந்த பிறகு எத்தனை பேர், எத்தனை படி என்று கணக்குப் போடலாம்.